வீரபாண்டிய கட்டபொம்மன்: திரையில் கண்டவரும் வரலாற்றில் வாழ்ந்தவரும்



தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் சொல்வார்கள். பால் வெட்டி வந்த களைப்பையும் மறந்து, பாயையும் சாக்கையும் கையில் எடுத்துக்கொண்டு, பொழுது சாயுமுன்பே இடம் பிடிக்கச் சென்றவர்கள் அவர்கள். அத்திடலில் சிறுவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட படங்கள் இரு வகை. ஒன்று, தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் பறக்கும் 'கௌபாய்' படம். மற்றொன்று, 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. மறுநாள் காலையில் லயத்து வாசலில் தென்னை மட்டைகளெல்லாம் குதிரைகளாகிவிடும். பாதிப் பேர் கௌபாய், மீதிப் பேர் கட்டபொம்மன். எட்டப்பனாக நடிக்க மட்டும் ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

அந்தக் கௌபாய் யார் என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1866-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், டெக்சாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளை வடக்கே இருந்த இரயில் நிலையங்களுக்கு நூற்றுக்கணக்கான மைல் தூரம் ஓட்டிச் சென்றார்கள். அவ்வேலையைச் செய்த கூலியாட்களே கௌபாய்கள். புழுதியைத் தின்று, வெட்டவெளியில் உறங்கி, மாதச் சம்பளம் பெற்றவர்கள் அவர்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோ நாட்டவரும் அவர்களுள் ஏராளமாக இருந்தனர். படங்களில் அவர்களை அரிதாகவே காண்கிறோம். 1883-ஆம் ஆண்டில் டெக்சாஸ் கௌபாய்கள் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்து தோற்றுப்போனார்கள். அதே 1883-இல்தான் 'பஃபலோ பில்' என்னும் வில்லியம் கோடி, குதிரைகளையும் துப்பாக்கிகளையும் வைத்துத் தமது புகழ்பெற்ற காட்சியை ஊர் ஊராக நடத்தத் தொடங்கினார். உலகம் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டது. வேலை நிறுத்தத்தை மறந்துவிட்டது.

நம் கட்டபொம்மனுக்கும் இத்தகைய ஒன்று நேர்ந்திருக்கிறது. மேடையிலும் திரையிலும் நாம் கண்ட கட்டபொம்மன் ஒருவர். திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து, 39-ஆம் வயதில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் மற்றொருவர். இரண்டாமவரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்துக்கு அருகில் உள்ளது பாஞ்சாலங்குறிச்சி. கரிசல் மண் பரந்த மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பொய்த்தால் புழுதி பறக்கும். அவ்வூரில் 1760-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள், செகவீர கட்டபொம்மனுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் பிறந்தவரே வீரபாண்டியன். உடன்பிறந்தோருள் புகழ்பெற்றவர் குமாரசாமி என்னும் ஊமைத்துரை.

அக்குடும்பத்தினர் இராசகம்பளத்து நாயக்கர் மரபைச் சேர்ந்தவர்கள். இல்லத்தில் பேசிய மொழி தெலுங்கு. 'கெட்டி பொம்மு' என்னும் தெலுங்குப் பட்டமே தமிழர் நாவில் கட்டபொம்மன் ஆயிற்று. தெய்வம் சக்கம்மா, அதனோடு திருச்செந்தூர் முருகனிடத்தும் நீங்காத பக்தி. இம்மரபினர் பண்டைநாளில் மாடு மேய்த்தலையும் வளர்த்தலையும் பெருந்தொழிலாகக் கொண்டவர்கள். பொங்கலையொட்டிச் 'சலகெருது' என்னும் தெய்வ மாட்டை உறுமி முழங்க வரவேற்கும் வழக்கமும், தேவராட்டம் என்னும் ஆடலும் அவர்களுடையவை. கௌபாய் கதை கேட்டுக் கட்டபொம்மனுக்கும் மாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வியந்தவர்களுக்கு இதுவே விடை.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்ததற்கு ஒரு கதை உண்டு. வேட்டை நாய்களுக்கு அஞ்சி ஓடிய முயல் ஒன்று அவ்விடத்துக்கு வந்தவுடன் திரும்பி நின்று நாய்களையே விரட்டியதாம். வீரம் விளையும் மண் இதுவென்று அங்கே கோட்டை கட்டினார்களாம். மலாக்காப் பிள்ளைகளுக்கு இக்கதை எங்கோ கேட்டதாகத் தோன்றுமே! பரமேசுவரா ஆற்றங்கரையில் மரத்தடியில் இளைப்பாறியபோது, சருகுமான் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து உதைத்துத் தள்ளியதென்றும், அதைக் கண்டு அங்கேயே நகரை அமைத்தாரென்றும் நாம் படித்திருக்கிறோம். நம் மாநிலச் சின்னத்திலும் சருகுமான்கள் நிற்கின்றன. அம்மரம் நம் நெல்லிமரமே. கடலுக்கு இருபுறமும் இப்படி ஒரே கதை வழங்குவதைப் பார்த்தால், எளியது வலியதை எதிர்த்து நின்ற இடத்தில் வாழவேண்டும் என்னும் ஆசை எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானது போலும். இவற்றைக் கதையென்று அறிந்தே சுவைப்போம்.

கோட்டை எப்படி இருந்தது? படத்தில் கல்மதில்களும் பெருமாளிகையும் தோன்றும். போர்க்காட்சிகள் பலவற்றை இராசத்தானத்து ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். உண்மைக் கோட்டையோ மண்ணால் ஆனது. 1801-இல் அதைப் பார்த்த ஆங்கிலப் படைவீரர் வெல்ஷ், ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடையதென்று குறித்திருக்கிறார். நம் பள்ளித் திடலைச் சற்றுப் பெரிதாக எண்ணிக்கொண்டால் போதும். அம்மண் சுவரை உடைக்கப் பீரங்கி வைத்திருந்தவர்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பின்னால் காண்போம்.

பாளையக்காரர் என்றால் யார்? மதுரை நாயக்கர் ஆட்சியில் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழக்கு. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டுவார், வழக்குத் தீர்ப்பார், அரசர் அழைத்தால் படையோடு செல்வார். எல்லாவற்றுக்கும் மேலாகக் காவல் அவர் பொறுப்பு. ஊர்க்காவலுக்குத் தலக்காவல் என்றும் பெருநிலப்பரப்பின் காவலுக்குத் தேசகாவல் என்றும் பெயர். மக்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்கூலியாக அளந்தார்கள். மாடு களவு போனால் காவற்காரன் கண்டுபிடித்துத் தரவேண்டும். இயலாவிட்டால் ஈடு கொடுக்கவேண்டும். ஏட்டில் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில், காவற்கூலி கொடுக்காத ஊரின் மாடுகள் அடிக்கடி காணாமற்போயின. துப்புக்கூலி கொடுத்ததும் அவை எங்கிருந்தோ திரும்பி வந்தன. இரு பாளையங்களின் எல்லையிலிருந்த ஊர்களின் நிலை இன்னும் கொடியது. அங்கே இருவரும் கூலி கேட்டார்கள்.

கட்டபொம்மன் காலத்துப் பாஞ்சாலங்குறிச்சியும் இதற்கு விலக்கன்று. அண்டையிலிருந்த எட்டயபுரம் பாளையத்தோடு எல்லைச் சண்டை தலைமுறை தலைமுறையாக நடந்தது. அவருடைய ஆட்கள் பிற பாளையத்து ஊர்களில் புகுந்து தானியத்தையும் கால்நடையையும் கவர்ந்தார்கள் என்னும் முறையீடுகள் கும்பெனியின் ஏடுகளில் உள்ளன. அதனைப் பிடித்துக்கொண்டு அவரைக் கொள்ளைக்காரர் என்றே எழுதியவர்களும் உளர். அவ்வாறு எழுதுவது நேர்மையன்று என்பது என் கருத்து. எட்டயபுரத்து ஆட்களும் அதையே செய்தார்கள். அந்நாளில் எல்லையோரத்து வாழ்வே அவ்வாறு இருந்தது. கொள்ளையடித்தவர் என்று சொன்னால் எல்லாப் பாளையக்காரரையும் சொல்லவேண்டும். கடல் கடந்து வந்து நாட்டையே எடுத்துக்கொண்ட கும்பெனியையும் சொல்லவேண்டும்.

1790-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் வீரபாண்டியன் பட்டத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. இரண்டே ஆண்டுகளில் அவர் காலடி நிலம் கைமாறிற்று. ஆர்க்காட்டு நவாப் கடனில் மூழ்கியிருந்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் கிஸ்தி தண்டும் உரிமையைக் கும்பெனி பெற்றுக்கொண்டது. நவாபின் ஆட்கள் தவணை தள்ளினால் பொறுத்தார்கள். கும்பெனியின் கணக்கோ தவணை தவறாது நடைபோட்டது.

இங்கேதான் திரைப்படமும் ஏடுகளும் வெவ்வேறு வழியில் செல்கின்றன. படத்தில் கட்டபொம்மன் வரி கொடுக்கவே மறுக்கிறார். வரி கேட்ட வெள்ளை அதிகாரியை நோக்கி அவர் முழங்கும் அடுக்குமொழி வசனத்தை மனப்பாடம் செய்யாத தமிழ்ப்பள்ளி மாணவர் இலர். பரிசளிப்பு விழாக்களில் அதற்குக் கிடைத்த கைத்தட்டலை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அது உரையாடலாசிரியர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய வசனம். நாற்றங்காலையும் நடவையும் பற்றிப் பேசும் அவ்வசனத்துக்கு, நன்செய் குறைந்த கரிசற்காட்டில் வேலையும் அதிகம் இராது!

ஏடுகள் சொல்வது வேறு. 1798-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கட்டபொம்மன் செலுத்தவேண்டிய பாக்கி 3,310 வராகன். கலெக்டர் ஜாக்சன் முன்கோபி. அதிகாரச் செருக்கு மிக்கவர். இராமநாதபுரத்தில் இரண்டு வாரத்துக்குள் தம்மை வந்து காணவேண்டும் என்று அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ஆணை அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். கட்டபொம்மன் குற்றாலம் சென்றார்; அங்கே பார்க்க மறுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றார், அங்கும் மறுத்தார். சொந்த நாட்டிலேயே ஒரு பாளையக்காரர் மூன்று வாரங்களுக்கு மேல் ஒரு கலெக்டரின் பின்னால் அலைய நேர்ந்தது. கங்காணியிடம் ஒரு சிறு விண்ணப்பத்தோடு நாள்தோறும் அலைந்த அனுபவம் நம் முன்னோர் பலருக்கும் உண்டு. ஆகவே அந்த அலைச்சலின் வலி நமக்கு விளங்கும். மறுநாள் வா என்ற சொல்லைப்போல் மனிதனைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை.

செப்டம்பர் 10-ஆம் நாள் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. கட்டபொம்மனை நிற்க வைத்தே ஜாக்சன் விசாரித்தார். கணக்கைப் பார்த்தபோது பாக்கியில் பெரும்பகுதி முன்பே செலுத்தப்பட்டிருந்தது. எஞ்சியது 1,080 வராகன்தான். அத்துடன் முடிந்திருக்கவேண்டிய பேச்சு முடியவில்லை. மேலாணை வரும்வரை கோட்டையிலேயே தங்கவேண்டும் என்றார்கள். சிறைப்பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்த கட்டபொம்மன் தம் ஆட்களோடு போராடி வெளியேறினார். வாயிலருகே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் என்பவர் மாண்டார். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பின் அவர் செய்த செயலைப் படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அறியார். அவர் உடனே போர் முரசு அறையவில்லை. நடந்ததை விளக்கிச் சென்னையிலிருந்த கவர்னருக்கு முறையீடு அனுப்பினார்! கும்பெனி மூவர் குழுவொன்றை அமர்த்தி விசாரித்தது. குழுவின் முன் கட்டபொம்மன் வந்து நின்றார். அவர்மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மண்கோட்டைத் தலைவர் ஒருவர் எழுத்தாலும் நியாயத்தாலும் ஒரு கலெக்டரை வீழ்த்தினார். ஆயிரம் வாள்வீச்சுக் காட்சிகளினும் இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் திரையில் மனுவை எழுதும் காட்சிக்கு யார் கைத்தட்டுவார்?

அவ்வமைதி நீடிக்கவில்லை. புதிய கலெக்டராக லஷிங்டன் வந்தார். கட்டபொம்மனோ சிவகங்கைச் சீமையின் மருது சகோதரரோடு உறவு கொண்டார்; சிவகிரிப் பாளையத்தின் உட்பூசலிலும் தலையிட்டார். அதுவரை கும்பெனியின் பெரும்படை மைசூரில் திப்பு சுல்தானோடு பொருதிக்கொண்டிருந்தது. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தார். படைக்கு ஓய்வு கிடைத்தது. கும்பெனியின் பார்வை தெற்கே திரும்பிற்று.

மேஜர் பானர்மன் தலைமையில் படை வந்தது. செப்டம்பர் 4-ஆம் நாள் பாளையங்கோட்டைக்கு வந்து தம்மைக் காணவேண்டும் என்று ஓலை அனுப்பினார் பானர்மன். கட்டபொம்மன் நாள் கடத்தினார். ஓராண்டுக்கு முன்பு அழைத்தவர் செய்ததை அவர் மறந்திருப்பாரா? மறுநாளே பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலை அந்த மண்கோட்டை தடுத்து நின்றது. ஆங்கில அதிகாரிகள் பலர் மாண்டனர். சுவரைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் பாளையங்கோட்டையிலிருந்து வரவேண்டியிருந்தன. அவை வருவதற்குள், இருளைத் துணைகொண்டு கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினார்.

கோலார்பட்டியில் துரத்திவந்த படையோடு சண்டை நடந்தது. சிவசுப்பிரமணிய பிள்ளை மீண்டும் பிடிபட்டார், நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் வடக்கே சென்று, புதுக்கோட்டைச் சீமையின் காடுகளில் மறைந்து வாழ்ந்தார். கும்பெனியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து ஒப்படைத்தார்கள்.

இவ்விடத்தில் எட்டப்பனைப் பற்றி ஒரு சொல். காட்டிக் கொடுப்பவனை எட்டப்பன் என்று வைகிறோம். எட்டப்பன் என்பது ஒரு தனிமனிதரின் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். எட்டயபுரம் கும்பெனியின் பக்கம் நின்றதும், கட்டபொம்மனைத் துரத்த ஆட்களைத் தந்ததும் உண்மையே. பிடித்துக் கொடுத்தவர் அவரல்லர். பழைய எல்லைப் பகையும், எஞ்சும் நிலம் தமக்குக் கிடைக்கும் என்னும் கணக்கும் அவர்களை அப்பக்கம் சேர்த்தன. அந்த எட்டயபுரத்தில்தான் 1882-இல் பாரதியார் பிறந்தார். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி விளையாட்டில் ஒருவரையொருவர் அழைக்கும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்வது நல்லது.

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள். கயத்தாறு. சுற்றுவட்டாரப் பாளையக்காரர் எல்லாரும் வந்து அமரவேண்டும் என்று பானர்மன் ஆணையிட்டிருந்தார். விசாரணை என்ற பெயரில் குற்றங்கள் படிக்கப்பட்டன: கிஸ்தியைக் காலத்தில் செலுத்தவில்லை, அழைத்தபோது வரவில்லை, சிவகிரியில் கலகத்துக்குத் துணைபோனார், கும்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டார். தீர்ப்பு முன்பே முடிவானது. அவர்கள் கண்முன்னே ஒரு புளிய மரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பார்த்தவர்களுக்கும் சேர்த்தே அத்தண்டனை. பாளையக்காரர் அனைவரும் தத்தம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கட்டளை பிறந்தது.

அந்த இறுதி வேளையில் அவர் எப்படி நடந்துகொண்டார்? இங்கே நமக்குத் திரைப்படம் வேண்டியதில்லை, கதைப்பாடலும் வேண்டியதில்லை. தூக்கிலிட்ட பானர்மனே மறுநாள் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் சிறிதும் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு நோக்கியதையும், தூக்குமரத்தை நோக்கி உறுதியாக நடந்ததையும் அதில் குறித்திருக்கிறார். கோட்டையைவிட்டு வெளியேறியதற்காகவே அவர் வருந்தினார் என்றும், அங்கேயே போரிட்டு மடிந்திருக்கலாம் என்று எண்ணினார் என்றும் எழுதியிருக்கிறார். பகைவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் வீரரை உயர்த்திச் சொல்ல ஒரு தேவையும் இல்லை. ஆகவே அவ்வீரம் உண்மை. ஓடியதற்காக வருந்திய அம்மனிதரும் உண்மை.

அண்ணன் மறைந்தபின் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஊமைத்துரை, 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் தப்பினார். அடுத்த சில நாள்களில் தரைமட்டமாகக் கிடந்த கோட்டையை மக்கள் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். மண் சுவருக்கு அந்த வசதி உண்டு! அதைப் பிடிக்கக் கும்பெனிக்கு மே 24-ஆம் நாள்வரை ஆயிற்று. ஊமைத்துரை மருது சகோதரரிடம் சென்று சேர்ந்தார். மருதிருவரை அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரிலும், ஊமைத்துரையை நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள். கோட்டையை மீண்டும் இடித்து நிரவினார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1807-இல், நம் மலாக்காக் கோட்டையையும் அவர்கள்தாம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நமக்கு ஒரு வாயில் மிஞ்சிற்று. பாஞ்சாலங்குறிச்சிக்கு மேடுதான் மிஞ்சிற்று. இன்று அங்கே நாம் காணும் கோட்டை, 1974-இல் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கயத்தாற்றில் நிற்கும் சிலையோ, திரையில் கட்டபொம்மனாகத் தோன்றிய நடிகர் திலகம் சிவாஜி கணேசன் தாமே நிலம் வாங்கி 1970-இல் வைத்தது. அப்படம் வெளிவந்த ஆண்டு 1959. மறுஆண்டு கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. வேடமிட்டவர் வேடத்துக்குரியவருக்குச் சிலை வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதன்று.

இன்னொரு செய்தி நம் நாட்டைச் சேர்ந்தது. தூக்கிலிடப்படாத கிளர்ச்சிக்காரர் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடித் துறையில் கப்பலேற்றினார்கள். அக்கப்பல் சென்று சேர்ந்த இடம் பினாங்குத் தீவு. ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, விலங்கிட்ட கால்களோடு இம்மண்ணில் இறங்கிய தமிழர்கள் அவர்கள். அவர்களுள் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் ஒருவர். தூத்துக்குடியில் அவருக்குக் காவலிருந்தவர், மண்கோட்டையின் அளவைக் குறித்த அதே வெல்ஷ். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818-இல், வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். முதுமை தட்டித் தளர்ந்த ஒருவர் அவரைத் தேடி வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைசாமி.